தூள் கிளம்பும் நிலமும் ஓயாத தும்புத்தடியும்

வீடு கட்டுவது ஆண்களின் வேலை, கட்டிய வீட்டைப் பேணுவது பெண்களின் வேலை என்று எமது சமூகம் நெடுங்காலமாகப் பிரித்து வைத்திருக்கின்றது. அத்திவாரம் எவ்வளவு ஆழம், கூரைக்கு ஓடா தகடா என்பனவெல்லாம் மேசனும் வீட்டுக்காரரும் பேசித் தீர்மானிக்கும் விடயங்கள். ஆனால் அந்த வீட்டின் நிலத்தை நாளாந்தம் குனிந்து கூட்டித் துடைப்பவள் பெண். நிலம் எப்படி அமைய வேண்டும் என்று அவளிடம் எவரும் கேட்பதில்லை.

எமது அம்மம்மாமார் மண் தரைக்கு வாராவாரம் சாணி மெழுகினார்கள். பின்னர் சிவப்புச் சீமெந்து நிலம் வந்தது. அதற்குப் பொலிஷ் பூசி, பொச்சுமட்டையைக் காலின் கீழ் வைத்துத் தேய்த்து மினுக்கியவர்களும் வீட்டுப் பெண்களே. தரை மாறியது, தரையோடு மாரடிக்கும் கைகள் மாறவில்லை.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தன. 2012 இல் விரிவுபடுத்தப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. பயனாளியே முன்நின்று கட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கணவரை இழந்த பெண்கள் பலர் அப்போதுதான் முதன்முறையாக மேசனோடு பேரம் பேசினார்கள், சீமெந்து மூடை எண்ணினார்கள். வீட்டு வேலையில் நிலம் கடைசியில் வருவது. கையிருப்பும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் தீர்ந்து போகின்றது. எனவே நிலத்தில் சீமெந்து குறைகின்றது, அவசரம் கூடுகின்றது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை நிமித்தம் சென்றுவரும் கிராமமொன்றில் ஒரு தாய் தன் வீட்டு நிலத்தை விரலால் தடவிக் காட்டினார். விரல் நுனி சாம்பல் நிறமாயிற்று. "காலமை கூட்டினனான் மிஸ். பின்னேரம் பாருங்கோ, திரும்பவும் இப்பிடித்தான். பாயிலயும் தூள், சோத்துக் கோப்பையிலயும் தூள். மாபிள் பதிக்கக் கடன் எடுப்பமோ எண்டு மகள் கேக்கிறாள்" என்றார்.

அந்தக் கடைசி வசனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்குக் கடன் எமது பெண்களை நெருக்கியிருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது கட்டடப் பொருட்களின் விலையும் பன்மடங்கு ஏறியது. தூளை நிறுத்த மாபிள்தான் ஒரே வழி என்று எண்ணிக் கடன்படுமுன், உள்ள நிலத்தைக் காப்பாற்ற வழியுண்டா என்று பார்ப்பது அவசியம். அந்த வழிதான் 'சீலர்' என்று கடைகளில் கூறப்படும் காப்பு மேற்பூச்சு.

தூள் ஏன் கிளம்புகின்றது?

சீமெந்து காய்வதால் மட்டும் இறுகுவதில்லை. அது தண்ணீரோடு சேர்ந்து நிகழும் இரசாயன மாற்றத்தாலேயே இறுகுகின்றது. சாந்தில் தண்ணீர் அளவுக்கு மிஞ்சினால் மேற்பரப்பில் நீர் ஊறி நின்று, மேல்தோல் வலுவிழக்கும். அந்த ஈரத்தை வற்றச் செய்யச் சீமெந்துத் தூளை மேலே தூவித் தேய்ப்பதும் பிழை. பூசிய நிலத்தைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருக்காவிட்டால் அது பாதியிலேயே காய்ந்து, காலடி பட்டதும் தூளாக உதிரும்.

ஆகவே புதிதாக நிலம் பூசுவிப்போர் முதலில் செய்யவேண்டியது செலவில்லாத ஒன்று: சாக்கை நனைத்துப் போட்டு ஒரு கிழமை தண்ணீர் விடுவது. கிணறு வற்றும் கோடையில் இது இலேசான வேலையன்று. இந்தத் தண்ணீரைச் சுமப்பவர்களும் பெண்களே. ஆனால் அந்த ஒரு கிழமைச் சுமை, பல வருடத் தும்புத்தடி வேலையைக் குறைக்கும்.

எந்தப் பூச்சு?

காப்புப் பூச்சுகள் இரண்டு வகை. முதலாவது, நிலத்துக்குள் ஊடுருவுவது. சிலிக்கேற்று கலந்த திரவங்கள் இவ்வகையின. இவை சீமெந்திலுள்ள சுண்ணாம்புடன் தாக்கமுற்று நுண்துளைகளை அடைத்து மேற்பரப்பை இறுக்குகின்றன. மினுக்கம் இராது, ஆனால் தூள் கட்டுப்படும்.

இரண்டாவது, மேலே படலமாகப் படிவது. இதில் அக்கிரிலிக் பூச்சு வீட்டுப் பாவனைக்கு இலகுவானது. ஆனால் ஆட்கள் நடமாடும் இடத்தில் ஒன்று தொடக்கம் மூன்று வருடங்களில் தேய்ந்துவிடும். மீண்டும் பூச வேண்டும். எபொக்சி இரண்டு பகுதிகளைக் கலந்து பூசுவது, மிகக் கடினமானது. வெயில் பட்டால் மஞ்சளாகும். பொலியூறித்தேன் கீறல்களைத் தாங்கும். ஆனால் விலை கூடியது. இரண்டு டின்களாக வரும் பொலியூறித்தேனின் இறுக்கியில் ஆஸ்துமாவைத் தூண்டும் இரசாயனம் உண்டு. ஆகவே அதை அனுபவமுள்ள வேலையாளிடம் விடுவது நன்று. நாமே பூசுவதற்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்கிரிலிக் அல்லது சிலிக்கேற்று வகையே உகந்தது.

வாங்குமுன் மூன்று சோதனைகள்

1. நிலத்தில் சில துளி தண்ணீர் விடுங்கள். ஓரிரு நிமிடங்களில் உறிஞ்சப்பட்டால் நிலம் பூச்சை ஏற்கும். தண்ணீர் முத்துமுத்தாக நின்றால் பழைய பொலிஷோ எண்ணெயோ இருக்கின்றது. அதை முற்றாக நீக்காமல் பூசினால் பூச்சு ஒட்டாது.

2. ஒன்றரை அடிச் சதுரமான, தெளிவான பொலித்தீன் தாளை நிலத்தில் வைத்து நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் ஒட்டி மறுநாள் வரை விடுங்கள். அடியில் நீர்த்துளிகள் தெரிந்தாலோ நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் உள்ளது. அதன்மேல் படலப் பூச்சுப் பூசினால் வெண்மை படர்ந்து உரிந்துவிடும். அத்திவாரத்தில் பொலித்தீன் விரிக்காத வீடுகளில் மாரியில் ஈரம் மேலேறுவது வழக்கம். அத்தகைய நிலத்துக்குப் படலப் பூச்சு வேண்டாம். புதிய நிலமாயின் 28 நாட்கள் பொறுத்திருங்கள்.

3. ஆணியால் கீறிப் பாருங்கள். ஆழமாகக் கீறுபட்டு மணலாக உதிர்ந்தால் எந்தப் படலமும் நிற்காது. தூளோடு சேர்ந்தே கழன்று வரும். முதலில் இறுக்கும் திரவம் பூச வேண்டும். அதுவும் பிடிக்காவிடின் மேற்பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசுவதே வழி.

பூசும் முறை

நிலத்தைச் சவர்க்காரத் தூளால் உரஞ்சி, தெளிந்த தண்ணீரால் பல தடவை கழுவி, நன்கு உலரும்வரை இரண்டு நாட்களாவது விடுங்கள். வெடிப்புகளை அடையுங்கள். மாரி ஓய்ந்து மாசி பிறந்த பின்னரான நாட்கள் வடக்கு, கிழக்குக்குப் பொருத்தமானவை. உச்சி வெயிலில் சூடேறிய நிலத்தில் பூசினால் குமிழிகள் எழும். காலை வேளையே நல்லது.

அறையின் உள்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கி வாருங்கள். அகன்ற தூரிகையாலோ றோலராலோ மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசுவதைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் உறுதியானவை. முதற்பூச்சைக் கிழக்கு மேற்காகப் பூசியிருந்தால் இரண்டாவதை வடக்கு தெற்காகப் பூசுங்கள். விடுபட்ட இடங்கள் மூடப்படும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் டின்னில் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் கடைக்காரரிடமே வாசித்துச் சொல்லக் கேளுங்கள். அது வாங்குபவரின் உரிமை. ஒரு நாளாவது மிதிக்காமலும் மூன்று நாட்களாவது கட்டில், அலுமாரி வைக்காமலும் விடுங்கள்.

அளவைக் கணக்கிடுவதும் கடினமன்று. அக்கிரிலிக் பூச்சு 1 லீற்றர் ஏறக்குறைய 50 தொடக்கம் 75 சதுர அடிக்கு ஒரு தடவை போதும். 10 அடிக்கு 12 அடி அறையென்றால் 120 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 4 லீற்றரளவில் தேவைப்படும். முழு வீட்டையும் ஒரே தடவையில் செய்யவேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் படுக்கும் அறையில் தொடங்கலாம்.

கவனம் தேவை

கரைப்பான் கலந்த பூச்சுகளின் ஆவி எளிதில் தீப்பற்றக்கூடியது. அடுப்பு, விளக்கு, சாம்பிராணி எதுவும் எரியக்கூடாது. கதவு, யன்னல்களைத் திறந்து வையுங்கள். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் சிறுவர்களும் அன்று அயல் வீட்டில் தங்கட்டும். நிலத்தை உராய்ந்து மினுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கவல்லது. எனவே ஈரமாக்கியே தேய்க்க வேண்டும்.

நிலத்தை அமிலத்தால் கழுவச் சிலர் ஆலோசனை கூறுவர். தோலையும் கண்ணையும் எரிக்கும் அதனை வீட்டில் தவிர்த்துக்கொள்ளுங்கள். வெளிற்றும் குளோரின் திரவத்துடன் அது கலந்தால் நச்சுவாயு உண்டாகும்.

படலப் பூச்சு ஈரம் பட்டால் வழுக்கும். குளியலறை, கிணற்றடி, மழைச்சாரல் அடிக்கும் விறாந்தை ஆகியவற்றில் மினுக்கமான பூச்சு வேண்டாம். வீட்டில் முதியவர் இருந்தால் இது முக்கியம்.

பூசிய நிலத்தை மென்மையான சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தால் போதும். மெழுகுப் பொலிஷ் தேவையில்லை.

கணக்கில் வராத உழைப்பு

தூள் கிளம்பும் நிலத்துக்காக ஒரு பெண் நாளொன்றுக்கு மேலதிகமாக அரை மணித்தியாலம் செலவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு அது 182 மணித்தியாலங்கள். எட்டு மணித்தியால வேலைநாளாகக் கணக்கிட்டால் 22 நாட்களுக்கு மேல். இந்த 22 நாட்களுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. ஆதலால்தான் 'சீலர் வீண் செலவு' என்று சொல்வது இலகுவாக இருக்கின்றது. பெண்ணின் நேரத்துக்கு விலை போட்டுப் பார்த்தால் எது வீண் என்பது தெளிவாகும்.

எமது மாதர் சங்கங்கள் இதனை ஒரு கூட்டு முயற்சியாகக் கொள்ளலாம். றோலர், அகன்ற தூரிகை, தட்டு ஆகியவற்றைச் சங்கம் ஒருமுறை வாங்கினால் பல வீடுகளுக்குச் சுழற்சியாகப் பயன்படும். நான்கு பெண்கள் சேர்ந்தால் ஒரு வீட்டை ஒரு காலையில் கழுவி முடிக்கலாம். பழகிய கைகளுக்கு இதுவே கூலி வேலையாகவும் மாறலாம். அதேவேளை, வீட்டிலுள்ள ஆண்களும் தூரிகையை எடுக்கட்டும். நிலத்தில் எல்லோரும்தான் நடக்கிறார்கள்.

அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கு மேசன் வரும்போது குசினிக்குள் நின்று தேநீர் ஊற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். முன்னே வந்து, சாந்தில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நனைக்க வேண்டும், மேலே என்ன பூச்சு என்று கேளுங்கள். நாளாந்தம் அந்த நிலத்தைக் கூட்டுபவர் நீங்கள். அதைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே.