நீலப் பெட்டி மறையும் முன்னே...

ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டர் பிளேடால் இரண்டு கீறல். முழுசாக அறுக்க வேண்டாம். கீறிய பக்கம் மேலே இருக்க, இரு கையாலும் மெல்லப் பின்னுக்கு மடித்தால் ‘டிக்’கென்று நேர்கோட்டில் உடைந்துவிடும், அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். அந்தச் சத்தம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் விடுமுறை முழுக்க மேஜையை விட்டு நகர மனம் வராது.

ஜெர்மன், ஜப்பான் ரயில்களின் குட்டி மாதிரிகள் அட்டைப் பெட்டியில் தயாராகவே கிடைக்கின்றன. நாம் ஏறி இறங்கிய ரயில் வேண்டுமென்றால் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டியதுதான். நான் எடுத்துக்கொண்டது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஆலையின் நீலப் பெட்டி. நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம். 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் இருபத்து நாலரை சென்டிமீட்டர். அகலம் 3,245 மில்லிமீட்டர். கணக்குப்படி 37 மில்லிமீட்டர் சொச்சம்.

தண்டவாளத்தில்தான் இடிக்கும். இந்த அளவுக்குக் கடையில் விற்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது கச்சிதம். நம் அகலப்பாதையோ 1,676. அதைச் சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஓட்ட நினைப்பவர்கள் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறார்கள். அலமாரியில் வைப்பவர்கள் தண்டவாளத்தையும் கையாலேயே செய்துவிடுகிறார்கள்.

மெழுகுவத்தியும் ஜன்னல் கம்பியும்

ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள ஜன்னல் கம்பி இந்த அளவில் தலைமுடி கனம்தான். அதை எங்கே வாங்குவது? பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே உருட்டிக்கொண்டே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். நூலாக நீளும். ஆறியதும் நறுக்கி, இடுக்கியால் ஜன்னலில் ஒவ்வொன்றாக வைக்கலாம். ஒட்டுவதற்குப் பசை கிடையாது. பிளாஸ்டிக்கையே கரைக்கும் திரவம். தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் தானே உள்ளே ஓடி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். நெடி ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

முதல் பெட்டியில் நான் அவசரப்பட்டேன். சுவருக்கு இரண்டு அடுக்கு ஷீட். நடுவில் தாராளமாகத் திரவத்தைத் தடவி, கூரையையும் மூடிவிட்டேன். இரண்டு வாரத்தில் சுவர் உள்வாங்கிவிட்டது. ஆவி வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள்ளேயே இளக்கியிருக்கிறது. இப்போது தரையில் துளை போடாமல் எந்தப் பெட்டியையும் மூடுவதில்லை.

‘3டி பிரின்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?’ என்பார்கள். இருக்கட்டும். அந்த மிஷினுக்கும் அளவைக் கொடுத்தாக வேண்டுமே!

அளவு எங்கே?

என் கவலை முழுக்க அங்கேதான். கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கி 2004-ல் நின்றது. எத்தனை தலைமுறை அதில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனது! ஆபீசுக்கு அதிலேயே போய்வந்த பெரியவர் ஒருவர் இப்போது அதை ஷீட்டில் கட்டுகிறார். அவரிடம் படங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் பெட்டிக்கு முன்னால் யாராவது நிற்கிறார்கள், அல்லது பெட்டி சாய்வாகத் தெரிகிறது. கதவுக்கும் முதல் ஜன்னலுக்கும் நடுவே எத்தனை அங்குலம்? ஒரு படமும் சொல்லவில்லை.

அதே கதி நீலப் பெட்டிக்கும் வருகிறது. 1955-ல் சுவிஸ் வடிவமைப்போடு தொடங்கிய பெரம்பூர் ஆலை, அந்த வகைப் பெட்டி கட்டுவதை 2018 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பழையவை ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. நாமோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறோம். வரைபடம் எங்காவது கோப்பில் இருக்கும் என்கிறார்கள். இருந்தாலும், ஓடி ஓடி மாறிப்போன பெட்டியை அது காட்டாது. பின்னாளில் வைத்த தகடும் அடைத்த துவாரமும் பெட்டியில்தான் இருக்கின்றன.

பிள்ளைகளைப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு மீட்டர் குச்சியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை கறுப்பும் வெள்ளையுமாக அடித்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒட்டிக் குச்சியை நிறுத்தி, நேர் எதிரே நின்று படம் எடுத்தால் போதும். என்றைக்கு வேண்டுமானாலும் அந்தப் படத்திலிருந்து அளவு எடுக்கலாம். தண்டவாளத்தில் மட்டும் யாரும் இறங்க வேண்டாம்.

பெரியவர் வீட்டு அலமாரியில் அந்த மின்சார ரயில் நிற்கிறது. முன்பக்கச் சுவரில் கதவு, ஜன்னல், கம்பி எல்லாம் உண்டு. திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை ஷீட்.

“அந்தப் பக்கத்துக்கு அளவு கிடைக்கல தம்பி. தோணினபடி செய்ய மனசு வரல” என்றார்.