உங்களைவிட மூத்த புரதம்

நம் உடம்பில் பெரும்பாலானவை அப்படியே இருப்பதில்லை. தோல் உதிர்ந்து புதுத்தோல் வருகிறது. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாளில் காலியாகிவிடும். கெட்டியான எலும்புகூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறுபடி உருவாகிறது. ஆனால் உங்கள் கண் லென்ஸின் நட்டநடுவில் இருக்கும் புரதம், நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உண்டானது. உங்களுக்குப் பத்து வயது என்றால் அதற்குப் பத்து தாண்டிவிட்டது!

ஏன் அதை மாற்றவே முடியவில்லை? லென்ஸ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும். அதனால் அங்கே ரத்தக்குழாய் கிடையாது. செல்லுக்குள் இருக்கும் நியூக்ளியஸும் மைட்டோகாண்ட்ரியாவும்கூட வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ஆகவே லென்ஸ் செல் முதிரும்போது அவற்றைத் தானே அழித்துவிடுகிறது. துணிச்சலான காரியம்தான். நியூக்ளியஸோடு டிஎன்ஏவும் போய்விடுமே! அது இல்லாமல் புதுப் புரதம் செய்ய வழியில்லை. கைவசம் இருப்பதை வைத்தே ஆயுள் முழுக்க ஓட்ட வேண்டும். அப்படிக் கைவசம் இருப்பவைதான் கிரிஸ்டலின் என்ற புரதங்கள். லென்ஸின் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு புரதம். அதில் பெரும்பகுதி இவைதான்.

இந்த மாறாத புரதத்தை வைத்து விஞ்ஞானிகள் ஒரு வேலை செய்தார்கள். வடக்கே குளிர்ந்த கடலில் கிரீன்லாந்து சுறா வாழ்கிறது. அதன் வயதை யாராலும் சொல்ல முடியாமல் இருந்தது. 2016இல் 28 சுறாக்களின் கண் லென்ஸ் நடுவை எடுத்து, அதிலிருந்த கார்பன்-14 அளவைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பெரியது, ஐந்து மீட்டர் நீளப் பெண் சுறா. அதன் வயது சுமார் 392 என்று கணக்கு வந்தது. 120 வருடம் முன்னே பின்னே இருக்கலாமாம். அப்படிப் பார்த்தாலும் 272 வயது!

சரி, நம் தாத்தா பாட்டியிடம் வருவோம். வெயிலின் புறஊதாக் கதிர், ஆக்சிஜன் செய்யும் வேதிமாற்றம், ரத்தத்தில் கூடிய சர்க்கரை எல்லாம் கிரிஸ்டலினைத் தாக்கிக்கொண்டே இருக்கின்றன. அழகாக மடிந்திருந்த புரதத்தின் மடிப்பு குலைகிறது. குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகின்றன. தெளிவாக இருந்த முட்டை வெள்ளைக்கரு சட்டியில் விழுந்ததும் வெளுத்துப்போகிறதே, அதுவும் புரதம் மடிப்பு குலைந்து ஒட்டிக்கொள்வதுதான். கண்ணுக்குள் அது அடுப்பில்லாமல், பல வருடங்களில் நடக்கிறது. அதைத்தான் கண்புரை என்கிறோம்.

அப்படியானால் சின்ன வயதிலேயே ஏன் புரை விழுவதில்லை? 1992இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். லென்ஸிலிருந்து எடுத்த கிரிஸ்டலின்களில் ஆல்ஃபா என்ற வகையைத் தவிர மற்றவற்றைத் தனியாகச் சூடாக்கினால் கரைசல் கலங்கியது. கொஞ்சம் ஆல்ஃபா கிரிஸ்டலினைச் சேர்த்துச் சூடாக்கினால் கலங்கவில்லை. ஆக, ஆல்ஃபா கிரிஸ்டலினுக்குக் காவல் வேலையும் உண்டு. மடிப்பு குலையும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவற்றோடு ஒட்டாமல் தடுக்கிறது. ஆனால் பிடித்தது பிடித்ததுதான்; அந்தக் காவலாளால் வேறு வேலைக்குப் போக முடியாது. புதிதாக ஆள் எடுக்கவும் முடியாது. வருடம் ஆக ஆக லென்ஸின் நடுவில் காவல் குறைந்துகொண்டே போகிறது.

கலங்கிய லென்ஸைத் தெளிய வைக்கும் சொட்டு மருந்து இன்னும் வரவில்லை. அந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதுதான் ஒரே வழி. 1949இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதன்முதலில் இதைச் செய்தார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கண்ணாடி உடைந்து சில விமானிகளின் கண்ணில் சில்லுகள் பதிந்திருந்தன. கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்று அவர் கவனித்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்தார். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிறகு லென்ஸைத் தானே தயாரிக்க அரோலேப் என்ற அமைப்பையும் உண்டாக்கியது. லென்ஸின் விலை பெருமளவு குறைந்தது.

உங்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ, “புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம்” என்று தள்ளிப்போடலாம். அது அந்தக் காலத்துப் பேச்சு. இன்று முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரொம்ப முற்றினால் ஆபரேஷன்தான் கஷ்டமாகும். பார்வை மங்குகிறது என்று சொன்னால், கையோடு கண் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அப்பா அம்மாவிடம் நச்சரியுங்கள்.