கைப்பேசி வழி வேளாண் கல்வி: இடர்ப்பாடுகளும் நிவர்த்தி முறைகளும்

அறுபதுகளில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகம் வேகமாகப் பரவியது. வானொலி வழியாக அறிந்து பயிரிட்டதால் விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலி செய்த அந்தப் பணியை இன்று கைப்பேசியும் செய்து வருகிறது. விதை நேர்த்தி முதல் அறுவடை வரை எல்லாவற்றுக்கும் வீடியோ பாடம் கிடைக்கிறது. ஆனால் பார்த்த பாடம் வயலில் பலன் தருவதற்குச் சில தடைகள் உள்ளன. அவற்றையும் நீக்கும் வழிகளையும் காண்போம்.

1. சிக்னலும் டேட்டாவும்

பாடம் பாதியில் நின்றுவிட்டால் சலிப்பு ஏற்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் பார்க்கவும். படத்தின் தெளிவைக் குறைத்து வைத்தால் டேட்டா மிச்சமாகும். வெயிலில் திரை தெரியாது. நிழலில் அமர்ந்து பார்ப்பது நல்லது.

2. பார்த்தது மறந்து போதல்

வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். கை வேலையாக இருந்தால் மனத்தில் பதியாது. ஒரு நோட்டும் பேனாவும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இரகம், மருந்தின் பெயர், அளவு, இட வேண்டிய நாள் ஆகிய நான்கையும் வீடியோவை நிறுத்தி எழுதிக்கொள்ளவும். பிறகு ஒருமுறை திரும்பப் பார்த்துச் சரிபார்க்கவும்.

3. அளவில் ஏற்படும் குழப்பம்

பணத்தையும் பயிரையும் ஒருசேர இழக்கச் செய்வது இதுதான். பரிந்துரைகள் பெரும்பாலும் எக்டர் கணக்கில் சொல்லப்படுகின்றன. ஒரு எக்டர் என்பது 2.47 ஏக்கர். மேலும் தழைச்சத்து வேறு, யூரியா வேறு. 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்துதான் உள்ளது.

எடுத்துக்காட்டாக, மண் ஆய்வு செய்யாத நிலையில் மத்திய கால நெல் இரகத்துக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கப்படுகிறது. யூரியாவாக மட்டும் இட்டால் இது 326 கிலோ. ஏக்கருக்குக் கணக்கிட்டால் 132 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று மூட்டை. ஒரு மாவுக்கு (33 சென்ட்) ஏறக்குறைய ஒரு மூட்டை. இதையும் ஒரே தடவையில் இடாமல் நான்காகப் பிரித்து இட வேண்டும். எக்டர் அளவை ஏக்கருக்கு என்று எண்ணி ஏழு மூட்டை போட்டால் பயிர் மதமதவென்று வளர்ந்து சாயும். புகையானும் குலைநோயும் பெருகும்.

எனவே அளவைக் கேட்டதும், ‘எக்டருக்கா, ஏக்கருக்கா? சத்தா, உரமா?’ என்று பார்த்து எழுதுங்கள். பூச்சி மருந்துக்கு டப்பாவில் அச்சிட்டுள்ள அளவே இறுதியானது.

4. நம் வயலுக்குப் பொருந்துமா?

வேறு மாநிலத்தில், வேறு மண்ணில், வேறு பட்டத்தில் எடுத்த வீடியோ நம் நிலத்துக்கு அப்படியே பொருந்தாது. சொல்பவர் யார், எந்த ஊர், எந்தப் பட்டம் என்று கவனிக்கவும். விற்பனைக்காக எடுத்த விளம்பரமும் பாடம் போலவே வரும். புதிய முறை எதையும் முதலில் ஐந்து சென்டில் செய்து பார்த்து, பக்கத்துப் பயிருடன் ஒப்பிட்ட பிறகே முழு வயலுக்கும் கொண்டு செல்லவும்.

5. ஐயம் கேட்க ஆளில்லாமை

வீடியோவைக் கேள்வி கேட்க இயலாது. இலவச எண் 1800-180-1551 கொண்ட கிசான் அழைப்பு மையத்தில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். பூச்சி நோய்க்குப் படம் காட்டுவதானால், தாக்கப்பட்ட இலையின் இருபுறம், முழுச் செடி, வயலின் தோற்றம் ஆகியவற்றைக் காலை வெளிச்சத்தில் எடுக்கவும். இரகம், பயிரின் வயது, இட்ட உரம் ஆகியவற்றையும் சொல்லவும். பயிற்சிக்கு என்று கூறி வங்கி எண்ணோ ஓ.டி.பி.யோ கேட்டால் கொடுக்க வேண்டாம்.

6. வீட்டுக்கு ஒரே கைப்பேசி

நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்; கைப்பேசி இருப்பதோ ஆண்களிடம். வேலை செய்பவருக்குப் பாடம் போய்ச் சேராவிட்டால் பயனில்லை. இரவு உணவுக்குப் பின் குடும்பத்துடன் அமர்ந்து பாருங்கள். எழுத்துச் சிறிதாக இருந்தால் படிக்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். முன்பு வானொலி மன்றத்தில் கூடிக் கேட்டு விவாதித்ததைப் போல, உழவர் குழுவாகக் கூடிப் பார்த்தால் ஒருவர் தவறவிட்டதை மற்றவர் எடுத்துச் சொல்வார்.

கைப்பேசி வழி காட்டும். ஆனால் வயலில் இறங்க வேண்டியவர் நீங்களே. எழுதிக்கொண்டு, கணக்கிட்டு, சிறிய அளவில் சோதித்து, ஐயம் தெளிந்து செய்தால் வீண் செலவையும் பயிர்ச் சேதத்தையும் தவிர்த்து நல்ல மகசூல் பெறலாம்.