மூன்றாம் வகுப்பில் மூன்று வகுப்புகள்

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லி மூன்றாம் வகுப்புக்கு ஒரு கணக்குக் கொடுத்துப் பாருங்கள். விடை 14. சரியாகப் போட்ட நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, தப்பாகப் போட்ட நோட்டுகளை எடுங்கள். ஒரு பிள்ளை 26 என்று எழுதியிருக்கும். பக்கத்துப் பிள்ளை 24. இன்னொன்று 90. மூன்றுக்கும் சிவப்பு மையில் பெருக்கல் குறி, மூன்றுக்கும் சுழி. ஆனால் மூவரும் செய்தது ஒரே தப்பு இல்லை.

26 என்று எழுதிய பிள்ளைக்கு, 2-இல் 8 போகாது என்பது தெரிந்திருக்கிறது. போகாததால் 8-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. எந்த இடமானாலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண் போகும் என்பது அதன் நம்பிக்கை. கடன் வாங்குவது என்றால் என்ன என்றே அதற்கு இன்னும் தெரியாது. 24 என்று எழுதியதற்குக் கடன் வாங்கத் தெரியும். 12-இல் 8 போக 4 என்று முறையாகவே போட்டிருக்கிறது. கடன் கொடுத்த 5 குறைந்து 4 ஆனதை மட்டும் மறந்துவிட்டது. 90 எழுதிய பிள்ளை குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசிப் பிள்ளையிடம் குறியை விரலால் சுட்டிக்காட்டினால் போதும். நடுவில் உள்ளதற்கு இரண்டு நாள் பயிற்சி. முதல் பிள்ளைக்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுக்க வேண்டும். "இதுல எட்டுக் குச்சி குடு கண்ணு" என்றால், இரண்டுதான் உதிரியாக இருக்கிறது என்று முழிக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவே ஒரு கட்டைப் பிரிக்கும். பிரித்த அந்த நொடியில் கடன் வாங்குவது அதற்குப் புரிந்துவிடுகிறது. மூன்று பேருக்கும் ஒரே கணக்கைக் கரும்பலகையில் மறுபடி போட்டுக் காட்டினால் இது எதுவும் நடக்காது.

1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்ட் பர்ட்டனும் இந்தத் தப்புகளையே எடுத்து ஆராய்ந்தார்கள். நிகரகுவா நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போட்ட கழித்தல் கணக்குகளைக் கணினியில் ஏற்றிப் பார்த்தார்கள். தப்புகளில் கணிசமானவை மனம்போன போக்கில் வந்தவை அல்ல என்று தெரிந்தது. பிள்ளை மனதில் ஒரு விதி இருக்கிறது. விதி தப்பு, ஆனால் பிள்ளை அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. விதி பிடிபட்டுவிட்டால் அடுத்த கணக்கில் என்ன தப்பான விடை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மேலே 26 எழுதிய பிள்ளையிடம் 83-இலிருந்து 47-ஐக் கழிக்கச் சொல்லுங்கள், 44 என்று எழுதும். தப்பு விடை என்பது அறியாமை என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். அதற்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது.

இந்த மூவரைப் போல ஒரே வகுப்பில் பல நிலைகளில் பிள்ளைகள் இருப்பது நம் கொங்கு நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1822-இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கணக்குக் கேட்டார். அப்போது கோயம்புத்தூர் கலெக்டர், ஊட்டியை உருவாக்கிய அதே ஜான் சல்லிவன். ஈரோடு, கரூர், தாராபுரம் எல்லாம் சேர்ந்த அன்றைய கோவை மாவட்டத்தில் 763 பள்ளிகள், 8,206 பிள்ளைகள் என்று அவர் அனுப்பிய கணக்கு சொல்கிறது. ஒரு பள்ளிக்குப் பதினோரு பேர்கூட முழுதாக வரவில்லை. திண்ணைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. ஒருவன் மணலில் எழுத்துப் பழகுவான், ஒருவன் ஓலையில் எழுதுவான், சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். மணலில் எழுதும் முறையைச் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தில் அதைப் புகுத்தினார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. சல்லிவன் கணக்கில் பெண் பிள்ளைகள் நூறு பேர்கூட இல்லை. திண்ணையில் ஏறவே விடாமல் நிறுத்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேரோ, அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. இருந்தாலும் வயது வேறு, படிப்பின் நிலை வேறு என்ற ஒன்றை அந்தத் திண்ணை அறிந்திருந்தது. எல்லோருக்குமான பள்ளி வந்தபோது வயதை வைத்து வகுப்புப் பிரித்தோம், வகுப்புக்கு ஒரு பாடநூல் கொடுத்தோம். லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவர வேறு வழியும் இருந்திருக்காது. ஆனால் பாடநூல் ஒரு வேகத்தில் போகிறது, பிள்ளை ஒரு வேகத்தில் வருகிறது. ஊரக இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்க முடிந்தவர்கள் 27.1 சதவீதம்தான் என்கிறது 2024-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கை. மிச்சப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் நடத்தினால் யாருக்கு நடத்துகிறோம்?

தமிழ்நாடு இதற்கு இரண்டு முறை விடை தேடியிருக்கிறது. முதல் முறை 2003-இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில். ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் பார்த்ததைக் கொண்டு அதிகாரி எம்.பி.விஜயகுமார் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. தரையில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டுகிற உயரத்தில் சுவரைச் சுற்றிலும் கரும்பலகை, தலைக்கு மேலே பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், வரிசை எண் போட்ட அட்டைகள். சுவரில் உள்ள ஏணிப் படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுக்கும். மதிப்பீடும் அந்த அட்டைகளில் ஒன்றுதான், தனியாகப் பரீட்சை இல்லை. அட்டைகளை எடுத்துக்கொடுத்து அடுக்குவதிலேயே நேரம் போய்விடுகிறது, பாடம் நடத்த முடியவில்லை என்று ஆசிரியர்கள் குறைப்பட்டார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

இரண்டாவது, கொரோனாவுக்குப் பின் 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும். பிள்ளைகளை முதலில் சோதித்துப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்பிலேயே முதல் வகுப்பு நிலையில் இருக்கும் பிள்ளை அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்பது மொட்டு, மூன்றாம் வகுப்புக்கு உரிய நிலையில் இருப்பது மலர். ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பயிற்சி நூல். திருப்பூர், அவிநாசிப் பக்கத்துப் பள்ளிகளில் பனியன் கம்பெனி வேலைக்குப் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை தமிழில் அரும்பாக இருக்கும். வயதைப் பார்த்து மட்டும் பாடம் நடத்தினால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் போய்ச் சேராது.

பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்து நடத்தினால் பலன் உண்டா என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறே மாதத்தில் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு, 24 சதவீதம், இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணித்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்களே, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து நடத்திய வகுப்புகள் அவை.

பரீட்சையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பரீட்சைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நான்கு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த கூட்டம் முந்தியது: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அந்தக் கூட்டத்துக்கு நினைவில் நின்றது 40 சதவீதம். எழுதிப் பார்த்த கூட்டத்துக்கு 61. நினைவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவே உறுதிப்படுகிறது. ஆக, மதிப்பெண் போடாத ஐந்து நிமிடத் தேர்வு அளவு பார்ப்பதோடு நிற்பதில்லை, கற்பித்தலையும் செய்துவிடுகிறது.

மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்றும் சோதித்திருக்கிறார்கள். 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் ஒரு கூட்டத்துக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார், ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு மட்டும் எழுதினார், மூன்றாம் கூட்டத்துக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த முறை தேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்ற இடத்தில் நின்றார்கள். எண்ணைப் பார்த்ததும் பிள்ளை குறிப்பைப் படிப்பதை விட்டுவிடுகிறது. வீட்டில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? ரேங்க் கார்டைக் கையில் வாங்கியதும் கண் முதலில் எங்கே போகிறது?

எண்ணுக்குக் கொடுத்த இடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளிநாட்டைத் தேட வேண்டாம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கோழிப் பண்ணை போலப் பிள்ளைகளை அடைத்துவைத்துப் படிக்கவைத்ததால் பிராய்லர் பள்ளி என்ற பெயரே வந்தது. பல பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்பது ஊரறிந்தது. 2017-இல் அரசு மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. ரேங்க் பட்டியலை நிறுத்தியது தமிழகக் கல்வித்துறை எடுத்த மிக நல்ல முடிவுகளில் ஒன்று. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு கைவிடப்பட்டது. பிளஸ் ஒன் பாடம் மறுபடியும் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது துறையிடம் இருக்கிறது.

அளந்த எண் மேலிடத்துக்குப் போகப் போகக் கெடும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் ஓர் எடுத்துக்காட்டு. அரசுத் தேர்வில் மாணவர்கள் எடுத்ததாகப் பதிவான மதிப்பெண்களை, பின்னர் அபிஜீத் சிங் அதே பிள்ளைகளைத் தனியாகச் சோதித்து ஒப்பிட்டார். அரசுப் பதிவில் தேர்ச்சி பெரிதும் ஊதியிருந்தது. அதே மாநிலத்தில் பள்ளிகளை ஆய்வு செய்து, தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றையும் அவரும் முரளிதரனும் ஆராய்ந்தார்கள். திட்ட அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்பட்டன. பிள்ளைகளின் படிப்பு அசையவில்லை. வகுப்பறையில் ஆசிரியர் செய்வது மாறவே இல்லை என்பதுதான் காரணம்.

நம் ஆசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எமிஸ் என்ற கல்வித்துறைத் தகவல் தளத்தில் பதிவு, செயலியில் மதிப்பீடு, கிடைக்காத சிக்னல். பிள்ளை 26 என்று ஏன் எழுதியது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரம், அது சரியா தப்பா என்று மட்டும் மேலே அனுப்புவதில் போய்விடுகிறது.

பிரேசிலின் வறண்ட வடகிழக்கில் உள்ள சொப்ரால் நகரம் இதை வேறு விதமாகச் செய்தது. தலைமை ஆசிரியர்களை அரசியல் சிபாரிசு இல்லாமல் தகுதி பார்த்து எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்கிறதா என்று வெளியாட்களைக் கொண்டு அடிக்கடி சோதித்தார்கள். அந்த முடிவை வைத்து அடுத்து என்ன செய்வது என்று பள்ளியோடு உட்கார்ந்து பேசினார்கள். 2005-இல் தேசியக் கல்விக் குறியீட்டில் 1,366-ஆம் இடத்தில் இருந்த நகரம் 2017-இல் முதலிடம் பிடித்தது. சோதனை அங்கேயும் உண்டு. அதன் பயன் பள்ளிக்கே திரும்பி வந்தது.

கல்வித்துறை ஆசிரியரிடமிருந்து எத்தனை விவரம் கேட்கிறதோ, அதில் பாதியைக் குறைத்தாலே போதும், அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அது நம் கையில் இல்லை. ஆனால் அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. காம்பவுண்டுச் சுவர், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி பற்றி அதில் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதையும் கேளுங்கள்: "டீச்சருங்க, மூணாவது படிக்கற பிள்ளைங்கள்ல ரெண்டாவது புஸ்தகத்தைத் தானா படிக்கறது எத்தனை பேருங்க? படிக்க முடியாத பிள்ளைங்களுக்கு இந்த மாசம் என்ன பண்ணப் போறோமுங்க, நாங்க என்ன பண்ணோணுமுங்க?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளைப் பற்றி மறுபடி கேளுங்கள்.