பக்க விளைவு இல்லையெனில் ஆபத்தும் இல்லையா?
பயோரெசோனன்ஸ் சிகிச்சை குறித்து நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

“ஊசி இல்லை, மருந்து இல்லை, வலியும் இல்லை. குழந்தைக்கு ஒருமுறை செய்து பார்ப்பதில் என்ன தவறு?” ஆஸ்துமா, ஒவ்வாமை, நாட்பட்ட தோல் அரிப்பு ஆகியவற்றால் அவதியுறும் குடும்பத்தினர் பயோரெசோனன்ஸ் சிகிச்சை பற்றி இவ்வாறு கேட்பதுண்டு. இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தையோடு விழித்திருக்கும் பெற்றோர் புதிய வழி ஒன்றைத் தேடுவது இயல்பே. ஆகவே இக்கேள்விக்கு நேரான விடையைத் தர விரும்புகிறோம்.

இம்முறையின் அடிப்படை

1977ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபிரான்ஸ் மோரெல் என்ற மருத்துவரும் எரிக் ராஷே என்ற பொறியாளரும் இம்முறையை உருவாக்கினர். உடலின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு மின்காந்த அதிர்வைக் கொண்டது என்றும், நோயுற்றால் அது பிறழ்கிறது என்றும், அதனை மின்முனைகள் வழியே பெற்றுத் திருத்தி உடலுக்கே திருப்பி அனுப்பலாம் என்றும் அவர்கள் கூறினர். இவ்வாறு நோய் நீங்குவதற்கு ஏற்கத்தக்க அறிவியல் சான்று இல்லை. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் அளப்பது தோலின் மின்தடையை மட்டுமே. உள்ளங்கை வியர்த்தாலும், மின்முனையைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் அந்த அளவு மாறிவிடும்.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில், நாட்பட்ட தோல் அழற்சியால் பாதிக்கப்பட்ட 32 குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. வழக்கமான மருத்துவத்துடன் ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சையும், மற்றவர்களுக்கு அதுபோன்ற போலிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டன. 1997இல் வெளிவந்த அதன் முடிவில், இரு பிரிவினருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நேரடியான விளைவுகள்

இக்கருவிகளில் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவு. எனவே கடுமையான நேரடிப் பாதிப்புகள் அரிது. மின்முனை பட்ட இடத்தில் தோல் சிவத்தல், சோர்வு, தலைவலி ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். இவற்றை ‘நச்சுகள் வெளியேறும் அறிகுறி’ என்று சிலர் விளக்குவர். அவ்விளக்கத்தை ஏற்க வேண்டாம். காய்ச்சலோ, மூச்சிரைப்போ, அரிப்போ அதிகரித்தால் நோய் முற்றுகிறது என்றே கருதி மருத்துவரை அணுகுங்கள்.

பேஸ்மேக்கர் அல்லது உடலுக்குள் பொருத்தப்பட்ட வேறு மின்கருவி உள்ளவர்கள் இச்சிகிச்சையை முற்றிலும் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்களும் வலிப்பு நோயுள்ளவர்களும் தவிர்ப்பதே நலம்.

பெரிய ஆபத்து எங்கே?

இயந்திரம் உடலுக்குச் செய்வதைக் காட்டிலும், அதனை நம்பி நாம் செய்யாமல் விடுவதே எங்களுக்கு மிகுந்த கவலையளிக்கிறது. ‘அதிர்வு சரியாகிவிட்டது’ என்ற சொல்லை நம்பி இன்ஹேலரை நிறுத்திய குழந்தைக்குச் சில வாரங்கள் ஒன்றும் நேராதிருக்கலாம். மூச்சுக்குழாய் அழற்சியோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பின்னர் ஒரு சளிக்காய்ச்சலே உயிருக்கு ஆபத்தான மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். வலிப்பு மாத்திரைகளையும், நீண்ட நாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளையும் திடீரென நிறுத்துவதும் அத்தகையதே. புற்றுநோயிலோ, காலதாமதம் ஒன்றே குணமாகும் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

தவறான நோயறிதலும் தீங்கானதே. தோலின் மின்தடையை அளந்து ஒவ்வாமை காணும் முறையை இங்கிலாந்தில் 30 பேரிடம் சோதித்தனர். அவர்களுள் பாதிப்பேர் பூனை உரோமம் அல்லது வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள். ஒவ்வாமை உள்ளவரையும் இல்லாதவரையும் இம்முறையால் வேறுபடுத்த இயலவில்லை என்று 2001இல் வெளிவந்த அவ்வாய்வு தெரிவித்தது. இத்தகைய சோதனையை நம்பிப் பால், முட்டை, கோதுமை அனைத்தையும் நிறுத்தினால் வளரும் குழந்தை ஊட்டமின்றி மெலியும். மாறாக, வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ‘ஒன்றுமில்லை’ என்று கூறிவிட்டால், அடுத்த முறை உண்ணும் ஒரு பிடி கடலையே உயிரைப் பறிக்கக்கூடும்.

எங்கள் வேண்டுகோள்

நீங்கள் ஏற்கெனவே இச்சிகிச்சை பெற்றுவருபவராயின், அதனை எங்களிடம் மறைக்க வேண்டாம். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். எந்த மருந்தை எப்போது குறைத்தீர்கள், எந்த உணவை விலக்கினீர்கள் என்பது தெரிந்தால்தான் சரியான சிகிச்சை அளிக்க இயலும். மருத்துவரைக் கேட்காமல் எம்மருந்தையும் நிறுத்தாதீர்கள். ஒவ்வாமை குறித்து ஐயமிருப்பின், தோல் குத்துச் சோதனையோ இரத்தப் பரிசோதனையோ தேவையா என்று கேளுங்கள். மருந்தின் பக்க விளைவை அஞ்சியே மாற்றுவழியை நாடினீர்களாயின், அந்த அச்சத்தையே முதலில் எங்களிடம் கூறுங்கள். மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற வழியிருக்கலாம்.

உதடு அல்லது நாக்கு வீங்கினாலும், மூச்சுத்திணறலால் பேச இயலாமற்போனாலும் எந்த மையத்திலும் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.