காடு படிக்க இரண்டு ஆண்டு
பனச்சமூடு பக்கம் ரப்பர் பால்வெட்டு பார்த்து வளர்ந்த பிள்ளைகளே, மரத்தையே மேற்படிப்பாகப் படிக்கலாம், தெரியுமா? வனவியல் எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுப் படிப்பு. பி.எஸ்சி. வனவியல் முடித்தவர்களுக்குத் திருச்சூர் வெள்ளானிக்கரையிலும் மேட்டுப்பாளையத்திலும் கல்லூரிகள் உண்டு. தாவரவியல், விலங்கியல், வேதியியல் படித்தவர்களும் மனம் தளர வேண்டாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு எழுதலாம்.

வகுப்பறையோடு முடிகிற படிப்பல்ல இது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி மரத்தின் சுற்றளவு எடுப்பீர்கள். மண், விதை, விலங்குத் தடம் எல்லாம் பாடம்தான். ஆராய்ச்சிக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்த அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் நமக்குக் கிழக்கே நிற்கிறது. பட்டத்தின் கடைசி ஆண்டிலேயே நுழைவுத் தேர்வு அறிவிப்புகளைக் கவனியுங்கள்.