சுங்கச்சாவடிக் கிழவர்

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, 14 ஆண்டுகளாக ரயில்வே டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் குமாஸ்தா நான். கற்பனை உலக விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். அந்த ஜன்னலே என் தகுதி என்பது போகப் போக விளங்கும்.

பிலாஸ்பூரிலிருந்து நாகபுரிக்கு நாங்கள் மாற்றலாகி வந்து 2 ஆண்டுகளே ஆகின்றன. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்கு இங்கே வாய்த்த நண்பர் நால்வர். மராட்டியச் சிறுவர் இருவர், தெலுங்குப் பையன் ஒருவன், வங்காளச் சிறுமி ஒருத்தி. ஞாயிறுதோறும் எங்கள் குவார்ட்டர்ஸ் திண்ணையில் கூடி, ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை ஆடுகின்றனர்.

இவ்வாட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இதனை இயற்றினர். தாளும் பென்சிலும் பகடைகளும் போதும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தம்மைப் பாவித்துப் பேசுவர். எடுத்த காரியம் கைகூடுமா என்பதை 20 முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும். வழியில் எதிர்ப்படும் கடைக்காரர், படகோட்டி, காவற்காரர் ஆகிய எல்லோருக்காகவும் கதை நடத்துபவரே பேசவேண்டும். இவர்களை என்.பி.சி. என்பர், நாம் துணைப்பாத்திரம் என்று கொள்வோம்.

நிற்க. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று மாலை, என் மகன் முகம் வாடி உள்ளே வந்தான்.

“என்னடா ஆச்சு?” என்றேன்.

“பாலத்துல நின்ன காவற்காரனை வந்ததும் வராததுமா கொன்னுட்டாங்கப்பா. கேட்டா, அவன் சும்மா வழியில நிக்கிறவன்தானேன்னு சிரிக்கிறாங்க. இனிமே நான் வரலைன்னு சொல்லிட்டேன்.”

உள்ள நண்பர் நால்வரையும் இழந்துவிடுவானோ என்று எனக்குக் கவலை உண்டாயிற்று. ‘சும்மா வழியில் நிற்கிறவன்’ என்ற சொல்லும் நெஞ்சில் தைத்தது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் என்னை அரை நிமிஷம் பார்த்துவிட்டுப் போகின்றனர். அவர்கள் கண்ணுக்கு நானும் அப்படிப்பட்டவன்தானே?

அவன் எழுதியிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். விதிநூல் காவற்காரருக்கு வகுத்துள்ள எண்களே அதில் இருந்தன: கவசத் தரம் 16, உயிர்ப்புள்ளி 11, கையில் ஓர் ஈட்டி. எண்களை மட்டும் கண்டவர்கள் எண்களோடு போரிட்டதில் வியப்பென்ன? அன்றிரவே இருவரும் அமர்ந்து புதிய துணைப்பாத்திரம் ஒன்றை உருவாக்கினோம். ஒரே தாளுக்குள் அடங்கவேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. பிறந்த நாள் முதலான சரித்திரத்தை எழுதிவைத்தால், ஆட்டத்தின் நடுவே தேடிப் படிக்க அவகாசம் இராது.

அத்தாளில் நாங்கள் எழுதியது வருமாறு:

பெயரும் தொழிலும்: ஹால்டன், வயது 58. ஆற்றின் மேலுள்ள கல்பாலத்தில் சுங்கம் வசூலிப்பவர்.

அடையாளம்: விரல் நுனியில் மசிக்கறை. கேட்ட கேள்வியைத் தாமும் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே விடை கூறுவார்.

வேட்கை: 3 ஆண்டுகளுக்கு முன் வடதிசை சென்ற மகளிடமிருந்து ஒரு செய்தி வரவேண்டும்.

கண்டிப்பு: பேரேட்டில் பெயர் பதியாமல் எவரையும் பாலத்தைக் கடக்க விடமாட்டார், அரசனே வந்தாலும் சரி.

அவர் மட்டும் அறிந்தது: 3 இரவுகளுக்கு முன், சக்கர ஓசையே எழாத மூடுவண்டி ஒன்று வடக்கே சென்றது.

எண்கள்: இவர் போர்வீரர் அல்லர், ஆகையால் விதிநூலில் சாமானியருக்குரிய எண்களே போதும். கவசத் தரம் 10, உயிர்ப்புள்ளி 4, ஆற்றல்கள் அனைத்தும் 10. விவேகம் மட்டும் 14. அதனால் பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்க இவருக்காக உருட்டும் பகடையோடு 2 கூட்டிக்கொள்ளவேண்டும். இரவில் கதவைத் திறக்கும்படி இணங்கவைக்கப் பகடையில் 15 தேவை. மகளைப் பற்றி அன்போடு விசாரித்தவருக்கு 10 போதும்.

வேட்கை இருந்தால் பாத்திரம் தானே பேசத் தொடங்கும்; கண்டிப்பு இருந்தால் எதிரே நிற்பவர் யோசிக்கவேண்டி வரும்; தனிச்செய்தி இருந்தால் கதை மேலே நகரும். அடையாளமோ, மறுமுறை வரும்போது ‘அவரல்லவா இவர்!’ என்று கண்டுகொள்ள உதவும். எண்களைக் கடைசியில் எழுதுவதே முறை. இவற்றை நான் நூல்களில் கற்கவில்லை. டிக்கெட் ஜன்னலின் இருபுறமும் நிற்கும் மனிதரைக் கண்டு அறிந்தவையே.

நண்பர்களை நானே சென்று அழைத்துவந்தேன். அடுத்த ஞாயிறு ஆட்டம் நடந்தது. முன்பு காவற்காரனை வெட்டிய அதே பையன் மீண்டும் வாளை உருவுவதாகச் சொன்னான். என் மகன் குரலைத் தாழ்த்தி, “வெட்டுவதா? வெட்டுங்கள் ஐயா. முதலில் பெயரைச் சொல்லுங்கள், பேரேட்டில் எழுதவேண்டும்” என்று இந்தியில் கூறினான். எல்லோரும் நகைத்துவிட்டனர். கிழவர் ஏன் அடிக்கடி வடக்கே பார்க்கிறார் என்று வங்காளச் சிறுமி கேட்டாள். மகளைப் பற்றிய செய்தி மெல்ல வெளிவந்தது. வாளை உருவியவன் அதை உறையிலிட்டு, “நாங்கள் தேடிப் பார்க்கிறோம், அவள் பெயர் என்ன?” என்றான்.

அதை நாங்கள் எழுதிவைக்கவில்லை. என் மகன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு, காலஞ்சென்ற என் தாயாரின் பெயரைச் சொன்னான்.

அன்றிரவு படுக்கையில் அவன் கேட்டான்: “அப்பா, ஜன்னலுக்கு வர்றவங்க யாராவது உங்க பேரைக் கேட்டிருக்காங்களா?”

“கேட்டிருக்காங்களே, புகார் எழுதறதுக்கு!” என்றேன். இருவரும் சிரித்தோம்.

ஹால்டனின் தாளை அன்பர்கள் அப்படியே படியெடுத்துத் தங்கள் பிள்ளைகளுக்குத் தரலாம். பாலத்தைப் படகுத்துறையாக்கலாம், மகளைத் தம்பியாக்கலாம். இவ்வாட்டத்தின் அடிப்படை விதிகள் 2023இல் எவரும் எடுத்தாளத்தக்க பொது உரிமத்தில் வெளியிடப்பட்டதால், தொடங்குவதற்குப் பெருஞ்செலவும் இல்லை. வீட்டில் தமிழிலேயே ஆடிப் பாருங்கள். பள்ளியில் வேற்றுமொழி பேசிக் களைத்துவரும் பிள்ளைகள், ஒரு கிழவராகவோ கடைக்காரராகவோ நம் மொழியில் வாய் ஓயாது பேசக் கேட்பீர்கள். எங்கள் திண்ணையில் அடுத்த ஞாயிறும் ஆட்டம் உண்டு. ஹால்டனின் மகளை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.